ஸ்கேன் பண்ணினால் யார் பெயர் வருகிறது?

புதிதாகத் தொடங்கிய சபை ஒன்றுக்கு யாராவது என்னைக் கூப்பிட்டால், பாட்டு எப்படி, பிரசங்கம் எப்படி என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான். காணிக்கை நேரத்தில் போனை எடுத்து, மேடைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணிப் பார்ப்பேன். சபையின் பெயர் வந்தால் நிம்மதி. பாஸ்டர் பெயர் வந்தால் ஒரு பெருமூச்சு. பாஸ்டருடைய மச்சான் நடத்துகிற மொபைல் கடையின் பெயர் வந்தால் (சத்தியம் பண்ணக் கூடாது என்று வேதம் சொல்கிறது, ஆனால் வந்திருக்கிறது) நூறு ரூபாயைப் போட்டுவிட்டு, அடுத்த வாரம் கூப்பிட்டால் ஊரில் இல்லை என்று சொல்லிவிடுவேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், புத்தி அப்படித்தான் போகும்.

எங்கள் பக்கம் இப்போது சபைகளுக்குக் குறைவே இல்லை. காட்பாடியில் பஸ் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பாகாயம் வரை வந்தால் போதும், கல்யாண மண்டபத்து மாடி, டியூஷன் சென்டர், மூடிக்கிடக்கிற குடோன், மொட்டைமாடியில் போட்ட தகர ஷெட் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லா இடத்திலிருந்தும் கீபோர்டு சத்தம் வரும். இருபது பேர் கூடுகிற சபைக்கும் பெயர்ப்பலகையில் 'இன்டர்நேஷனல்' என்று ஒரு வார்த்தை இருக்கும். கிண்டல் பண்ணவில்லை. சரி, கொஞ்சம் பண்ணுகிறேன், ஆனால் நானும் அப்படி ஒரு சபைக்காரன்தான். குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயிலில் ஞானஸ்நானம், திடப்படுத்தல் எல்லாம் முடித்தவன், வேலை மாற்றலில் வேலூருக்கு வந்து, சத்துவாச்சாரியைத் தாண்டி ஒரு வீட்டு ஜெபக்கூட்டமாக ஆரம்பித்ததில் போய் உட்கார்ந்து, அது சபையாக வளர்ந்து, கடைசியில் அதற்குக் கணக்குப் பார்க்கிற வேலையும் என் தலையில் விழுந்தது.

போன மாதம் ஒரு தம்பி வீட்டுக்கு வந்தார். வேதாகமக் கல்லூரி முடித்தவர், அணைக்கட்டு பக்கம் சபை தொடங்க வேண்டும் என்று மனதில் பாரம் வந்திருக்கிறது. கையில் ஒரு பைல். இடம் எவ்வளவு, ஷெட் எவ்வளவு, இரண்டு ஸ்பீக்கர், மிக்சர், கீபோர்டு, நாற்காலி, பேனர் என்று எல்லாம் விலையோடு அழகாக டைப் பண்ணியிருந்தது. காணிக்கையை யார் எண்ணுவது, அவரை யார் கேள்வி கேட்பது, அவர் வீட்டுச் செலவுக்கு மாதம் எவ்வளவு, சபையில் ஒருவர் செத்துப்போனால் எங்கே அடக்கம் பண்ணுவது, இதில் ஒன்றுமே அந்தப் பைலில் இல்லை. கேட்டேன். "அதெல்லாம் கர்த்தர் பார்த்துக்கொள்வார் ஐயா, முதலில் ஆத்துமாக்கள் வரட்டும்" என்றார்.

ஆத்துமாக்கள் வந்தபிறகு இதையெல்லாம் மாற்றவே முடியாது என்பதுதான் நான் கண்டது. பத்துக் குடும்பமாக இருக்கும்போது எது பழக்கமோ அதுதான் நூறு குடும்பம் ஆனபிறகும் பழக்கம். தொடங்கின புதிதில் காணிக்கைப் பையைப் பாஸ்டரே வீட்டுக்கு எடுத்துப்போய்க்கொண்டிருந்தால், அதில் திருட்டு எதுவும் இருக்காது, பாவம் வேறு யாரும் இல்லாததால்தான் எடுத்துப்போயிருப்பார். ஆனால் ஐந்து வருஷம் கழித்து ஒருவர் எழுந்து கணக்கு என்று வாயைத் திறந்தால், அவருக்குக் கலகக்காரர் என்று பெயர் வந்துவிடும். அவர் அடுத்த தெருவில் வேறு சபை தொடங்குவார். அங்கேயும் பையை அவரே வீட்டுக்கு எடுத்துப் போவார்.

இதைச் சொன்னதும் தம்பி ஒரு போடு போட்டார். "ஸ்கடர் குடும்பமும் குடும்ப ஊழியம்தானே ஐயா? அவங்க பண்ணலாம், நாங்க பண்ணக் கூடாதா?"

நல்ல கேள்வி. வேலூரில் இருந்துகொண்டு இதைக் கேட்காமல் இருக்க முடியாது. ஆற்காடு மிஷனை 1853-ல் தொடங்கியவர்கள் ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் என்று மூன்று ஸ்கடர் சகோதரர்கள். அவர்களுடைய அப்பா ஜான் ஸ்கடர் அதற்கு முன்பே இலங்கையிலும் சென்னையிலும் மிஷனரி மருத்துவராக இருந்தவர். ராணிப்பேட்டை ஆஸ்பத்திரியைத் தொடங்கியதும் அதே குடும்பம். நான்கு தலைமுறையில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இந்தியாவில் ஊழியம் செய்திருக்கிறார்கள். இதைவிடக் குடும்ப ஊழியம் உலகத்தில் எங்கே இருக்கப்போகிறது?

ஆனால் சொத்து யார் பெயரில் இருந்தது என்று பாருங்கள். அவர்கள் அமெரிக்காவில் ஒரு திருச்சபைக்கு எழுதிக் கணக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. இங்கே கட்டின கோயில்கள் ஸ்கடர் கோயில்கள் ஆகவில்லை. 1908-ல் தென்னிந்திய ஐக்கிய சபை உண்டானபோது அதில் சேர்ந்தன, 1947 செப்டம்பர் 27-ல் சி.எஸ்.ஐ. உண்டானபோது அதற்குள் வந்தன, 1976-ல் வேலூர்ப் பேராயம் தனியாகப் பிரிந்தது. ஐடா ஸ்கடரையே எடுத்துக்கொள்ளுங்கள். வேலூரில் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரியை 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்தார், 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. அவர் 1960 வரை உயிரோடு இருந்தார், ஆனால் அதற்கு முன்பே ஹில்டா லாசரஸ் என்ற இந்திய மருத்துவர் சி.எம்.சி.யின் இயக்குநராக இருந்துவிட்டார். இன்றைக்கு அந்த ஆஸ்பத்திரி பல திருச்சபைகள் சேர்ந்து நடத்துகிற சங்கத்தின் கையில் இருக்கிறது. குடும்பமாக உழைப்பது வேறு, குடும்பத்துக்கு எழுதி வைப்பது வேறு. தம்பிக்கு இது புரிந்தது என்றே நினைக்கிறேன், காபியை ஆற விட்டுவிட்டார்.

அந்த மிஷனரிகள் எல்லாவற்றையும் சரியாகச் செய்தார்கள் என்றும் சொல்ல வரவில்லை. வெளிநாட்டுப் பணத்தில் சம்பளம், வெளிநாட்டுப் பணத்தில் கூரை என்று நீண்ட காலம் ஓடியதில் நம் ஜனங்களுக்குக் கை நீட்டுகிற பழக்கம் வந்துவிட்டது. இதை அந்தக் காலத்திலேயே புரிந்துகொண்டவர்கள் இருந்தார்கள். சர்ச் மிஷன் சங்கத்தின் செயலராக இருந்த ஹென்றி வென், ஒரு சபை தன் செலவைத் தானே பார்க்க வேண்டும், தன்னைத் தானே நடத்த வேண்டும், தானே பரவ வேண்டும், அதுவரைக்கும்தான் மிஷனுக்கு வேலை என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார். அதை நம் ஆட்களில் செய்து காட்டியவர் என்றால் எனக்கு அசரியாதான் முதலில் ஞாபகத்துக்கு வருவார். திருநெல்வேலியில் 1903-ல் நம் பணம், நம் ஆட்கள் என்று மிஷனரி சங்கம் தொடங்கியவர், 1912-ல் தெலுங்குப் பக்கத்துத் தோர்ணக்கல்லில் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் ஆனவர்.

எங்கள் கிராமத்தில் யாருக்கும் ஹென்றி வென் பெயர் தெரியாது. ஆனால் அறுப்பின் பண்டிகை தெரியும். ஆராதனை முடிந்ததும் கோயில் முன்னால் ஏலம். பூசணிக்காய், வாழைத்தார், கட்டுக் கட்டாகக் கரும்பு, காலைக் கட்டிப்போட்ட ஒரு சேவல். சேவலை ஏலத்தில் எடுத்தவர் அதைத் திரும்பவும் கோயிலுக்கே கொடுத்துவிடுவார், மறுபடி ஏலம், இப்படியே அந்தச் சேவல் மூன்று பேர் கை மாறி, கடையில் வாங்கினால் ஆகிற விலையைப்போலப் பல மடங்கு போகும். ஏலம் போடுகிற பெரியவர் விலையைக் கத்திச் சொல்வார், பக்கத்தில் ஒருவர் நோட்டில் எழுதுவார், ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும். ராத்திரிக்குள் மொத்தம் எவ்வளவு என்று பொடிப்பையனுக்கும் தெரியும். அந்த வருஷம் சுண்ணாம்பு அடிக்கவில்லை என்றால் பாட்டிகள் கேட்பார்கள், "சேவல் காசு இன்னாச்சி?" என்று. கணக்குத் தணிக்கைக்கு இதைவிட நல்ல முறையை நான் வங்கியிலும் பார்த்ததில்லை.

இப்போது தொடங்குகிற சபைகளில் பலவற்றுக்கு அந்தப் பாட்டிகள் இல்லை. பணம் துபாயிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ தெரிந்தவர் ஒருவர் மூலம் வருகிறது, அவருக்கு மாதாமாதம் போட்டோ போனால் போதும். அதனால் போட்டோவுக்காகவே கூட்டம் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஞானஸ்நானம் எடுக்கிறவர் தண்ணீரிலிருந்து எழும்பும்போது இரண்டு பேர் போன் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அது பொறுக்கவில்லை. அந்த மனிதர் முகத்தைத் துடைக்கக்கூட நேரம் கொடுக்கவில்லை, "பிரதர் இந்தப் பக்கம் பாருங்க" என்கிறார்கள். காசு கொடுக்கிறவர் தூரத்தில் இருந்தால் கணக்கும் தூரத்துக்குத்தான் போகும், உட்கார்ந்திருக்கிற ஜனங்கள் வெறும் பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள்.

எங்கள் சபையில் நாங்கள் செய்வது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆராதனை முடிந்ததும், எல்லோரும் டீ குடித்துக்கொண்டு நிற்கும்போது, அதே ஹாலில் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் பாயை விரித்துப் பையைக் கவிழ்ப்போம். எண்ணுகிறவர்கள் இரண்டு பேர், இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது, ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும், வாரா வாரம் ஆள் மாறும். பத்து ரூபாய்க் காசுகளை அடுக்குவது பிள்ளைகளின் வேலை (அவர்களாகவே வந்து உட்கார்ந்துகொள்வார்கள், விரட்டினாலும் போக மாட்டார்கள்). கசங்கின நோட்டுகளை நீவி அடுக்கி, கவரில் பெயர் எழுதிக் கொடுத்தவர்களுக்கு ரசீது போட்டு, நோட்டில் இரண்டு கையெழுத்து, திங்கட்கிழமை பேங்க். பாஸ்டர் அந்தப் பாய் பக்கமே வர மாட்டார். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதும் அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார், தெரிந்தால் பிரசங்கம் பண்ணும்போது கண் அந்தப் பக்கம் போகுமாம். மாதத்தின் முதல் ஞாயிறு, வரவு செலவை அறிவிப்போடு சேர்த்து வாசிப்போம். அப்போஸ்தலன் பவுல் எருசலேமுக்குக் காணிக்கை கொண்டுபோனபோது தனியாகப் போகாமல், சபைகள் தேர்ந்தெடுத்த ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார், யாரும் குற்றம் சொல்ல இடம் இருக்கக் கூடாது என்று. 2 கொரிந்தியர் 8-ல் இருக்கிறது. பவுலுக்கே அது தேவைப்பட்டிருக்கிறது.

பதிவு செய்கிற விஷயத்தையும் தம்பியிடம் சொன்னேன். பெரும்பாலானவர்கள் டிரஸ்ட் போடுகிறார்கள், ஏனென்றால் சுலபம், பாஸ்டர், அவர் மனைவி, ஒரு உறவுக்காரர் சேர்ந்தால் போதும். நிறுவனர் அறங்காவலர் ஆயுள் வரைக்கும் என்றும், அவருக்குப் பிறகு அவர் நியமிக்கிறவர் என்றும் பத்திரத்தில் ஒரு வரி இருக்கும், அந்த ஒரு வரியில் எல்லாம் முடிந்துவிடும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி சங்கமாகப் பதிவு செய்தால் குறைந்தது 7 பேர் வேண்டும், வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டி, கணக்கைப் பதிவாளருக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தலைவலிதான். அந்தத் தலைவலியை விரும்பித் தேடிப் போகிற பாஸ்டர் என்றால் எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிடும். சங்கமாகப் பதிவு செய்தும் குடுமிப்பிடிச் சண்டை போட்டுக் கோர்ட்டுக்கு அலைகிறவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள், தாராளமாக இருக்கிறார்கள். ஆனாலும் அங்கே சண்டை போடவாவது இடம் இருக்கிறது.

இவ்வளவு கெடுபிடி பேசுகிற நாங்கள் பாஸ்டருக்கு என்ன கொடுக்கிறோம் என்று கேட்க வேண்டாமா? இதில்தான் சபையார் தப்பித்துக்கொள்கிறோம். விசுவாச ஊழியம் என்று அழகான பெயர் வைத்துவிட்டு, அவர் வீட்டில் காஸ் சிலிண்டர் இருக்கிறதா, பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்டியாயிற்றா என்று யாரும் கேட்பதில்லை. பாஸ்டரம்மாவோ ஓய்வுநாள் பள்ளி, பெண்கள் கூட்டம், வருகிறவர்களுக்கெல்லாம் டீ, ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களுக்குப் படுக்க இடம் என்று நாள் முழுக்க உழைத்தும், அவர்கள் பெயரில் ஒரு ரூபாய் சம்பளம் எங்கேயும் இல்லை. மாதச் சம்பளம் இவ்வளவு, ஐந்தாம் தேதி வங்கியில் விழுந்துவிடும் என்று முதலிலேயே முடிவு பண்ண வேண்டும், தொகை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. போதாவிட்டால் அவர் பகுதி நேரமாக வேறு வேலை பார்க்கட்டும், பவுலும் கூடாரம் தைத்தவர்தான். சம்பளம் கொடுக்காமல் கணக்கு மட்டும் கேட்கிற சபை கொடுமைக்கார மாமியார் வீடு மாதிரி, அங்கே யாரும் நிலைக்க மாட்டார்கள்.

சரி, கேள்வி கேட்பது என்று வந்தாலே ஒரு வசனம் வந்து குறுக்கே விழும். அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே. கணக்குக் கேட்டாலும் இதுதான், பிரசங்கம் நீளமாகப் போகிறது என்றாலும் இதுதான். 105-ஆம் சங்கீதத்தை முழுசாக வாசித்தால் அது ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபைப் பற்றியது என்று தெரியும். சொந்த நிலம் இல்லாமல் ஊர் ஊராகச் சுற்றின அந்தக் குடும்பத்தை ராஜாக்கள் துன்பப்படுத்தாமல் தேவன் காத்தார் என்கிற பாட்டு அது. பலவீனர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பை மேடையில் நிற்கிறவர் எடுத்துத் தனக்குப் போர்த்திக்கொள்கிறார். நாத்தான் தீர்க்கதரிசி தாவீது ராஜாவுக்கு முன்னால் நின்று, தப்பு செய்த அந்த மனுஷன் நீயே என்று சொன்னாரே, தாவீதும் அபிஷேகம் பண்ணப்பட்டவர்தானே? எங்கள் சபையில் ஒரு அக்கா, மாதனூர் பக்கத்திலிருந்து வருகிறவர், ஷூ கம்பெனியில் வேலை, ஒருமுறை கமிட்டியில் எழுந்து, "பாஸ்டர் ஐயா, போன வாரம் பிரசங்கத்தில் என் வீட்டு விஷயத்தைச் சொன்னீங்க. பேர் சொல்லல, ஆனா எல்லாருக்கும் தெரிஞ்சிப்போச்சி. இனிமே அப்படிப் பண்ணாதீங்க" என்றார். ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும். பாஸ்டர் மன்னிப்புக் கேட்டார், அந்த அக்கா உட்கார்ந்தார், அடுத்து ஜெனரேட்டர் ரிப்பேர் பற்றிப் பேச ஆரம்பித்தோம். எங்கள் சபையைப் பற்றி எனக்குப் பெருமை என்று ஒன்று உண்டென்றால் அதுதான், அந்த அக்கா அடுத்த ஞாயிறும் வந்தார், முன்வரிசையில்.

அடுத்தது சாப்பாடு. மாதம் ஒருமுறை ஆராதனைக்குப் பிறகு அன்பின் விருந்து, குஸ்காவும் கத்திரிக்காய்க் கொத்சும். வட ஆற்காட்டில் சபை தொடங்குகிறவர் எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்க்கிற அளவுக்கு, யார் யார் சாப்பிடாமல் போகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். எங்கள் சபையில் ஒரு குடும்பம், நல்ல குடும்பம்தான், விருந்து இருக்கிற ஞாயிறு மட்டும் ஆசீர்வாதம் சொல்வதற்கு முன்னால் அவசர வேலை வந்து கிளம்பிவிடுவார்கள். ஒருமுறை பார்சல் கேட்டார்கள். சமைத்தவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்பதுதான் விஷயம் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. இங்கே ஊர் என்றும் காலனி என்றும் இரண்டு இருக்கிறது. இந்தப் பக்கத்துக் கிராமத்துச் சபைகளில் பெரும்பாலானவை காலனியில் பிறந்தவை, அந்த ஜனங்களின் விசுவாசத்தில்தான் இவ்வளவும் நிற்கிறது. ஞானஸ்நானம் எடுத்ததால் அவர்கள் இழந்ததும் உண்டு. 1950-ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்களுக்கு மட்டும் பட்டியல் சாதி உரிமை, பிறகு 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். சர்க்கார் கணக்கில் சாதி மாறிவிட்டது, பந்தியில் மாறவில்லை.

பார்சல் கேட்ட விஷயத்தைப் பாஸ்டர் மேடையில் பேசவில்லை. அடுத்த விருந்துக்குச் சமைக்கிற முறையை அந்தக் குடும்பத்துக்கும், இன்னும் இரண்டு குடும்பங்களுக்கும் சேர்த்துக் கொடுத்தார். மூன்று குடும்பமும் ஒரே அடுப்படியில், ஒரே கத்திரிக்காயை நறுக்கிக்கொண்டு. அந்த அம்மா வந்தார், முகம் கொஞ்சம் சரியில்லை, ஆனால் வந்தார். அவருடைய கணவர் இன்றைக்கும் பந்தியில் உட்காருவதில்லை, நின்றுகொண்டே சாப்பிடுகிறார். கலாத்தியரில் பேதுருவும் அந்தியோகியாவில் இப்படித்தான் நழுவினார், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் யூதரல்லாத புறஜாதியாரோடு பந்தியில் உட்காருவதை விட்டுவிட்டார், பவுல் எல்லோருக்கும் முன்னால் கேட்டார். திருப்பத்தூரில் 1921-ல் டாக்டர் ஏசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரரான டாக்டர் பாட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினபோது, வெள்ளைக்காரரும் இந்தியரும் ஒரே குடும்பமாக வாழ்ந்து காட்ட வேண்டும் என்பதுதான் அவர்கள் எண்ணம். அங்கே திராவிடக் கோயில் மாதிரியே கட்டின ஜெபாலயம் இருக்கிறது, எல்லோரும் அதைத்தான் போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறார்கள். எனக்கு அவர்கள் ஒன்றாக வாழ்ந்ததுதான் பெரிதாகத் தெரிகிறது.

அப்புறம் ஆடு பிடிக்கிற விவகாரம். புதுச் சபைகள் வேகமாக வளர்வதாகச் சொல்கிறார்களே, அதில் பாதி பக்கத்துச் சபையில் கோபித்துக்கொண்டு வந்தவர்கள். அப்படி வருகிறவர் முதல் வாரமே பழைய பாஸ்டரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார், கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கும், அடுத்தது நம்மைப் பற்றித்தான் என்பது அப்போது தோன்றாது. வேறொருவர் போட்ட அஸ்திபாரத்தின்மேல் கட்ட மாட்டேன் என்று பவுல் ரோமர் 15-ல் சொன்னதை நம் ஊர்க்காரர்கள் சுவரில் எழுதி வைக்கலாம். யாராவது வேறு சபையிலிருந்து வந்தால் எங்கள் பாஸ்டர் அந்தச் சபைப் போதகருக்கு ஒரு போன் போடுவார். பாதிப் பேர் அந்தப் போனோடு திரும்பிப் போய்விடுவார்கள், போகட்டும்.

இதில் கல்லறைத் தோட்டம் ஒரு பெரிய சங்கதி, இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், பெயர் வேண்டாம், பழைய சபையில் சந்தா கட்டுவதை நிறுத்திவிட்டு ஒரு புதுச் சபைக்குப் போனார்கள். அங்கே இருந்த பாஸ்டர், பழைய சபை உயிரில்லாத சபை, பெயரை எடுத்துவிடுங்கள் என்று சொல்லி எடுக்க வைத்தார். சில வருஷம் கழித்து அந்த வீட்டு அம்மா ஒரு மே மாதத்தில் இறந்துபோனார். வேலூர் மே மாதம் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. பெட்டி வீட்டில் இருக்கிறது, மகன்கள் இரண்டு பேரும் மோட்டார் சைக்கிளில் ஒவ்வொரு கமிட்டிக்காரர் வீடாகப் போய், சந்தா பாக்கியைக் கட்டுகிறோம், அபராதம் கட்டுகிறோம், அப்பா பக்கத்தில் ஒரு இடம் கொடுங்கள் என்று கெஞ்சுகிறார்கள். புதுச் சபைப் பாஸ்டர் வீட்டில் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார், அவரால் வேறு என்ன செய்ய முடியும், அவருக்குத்தான் ஒரு அடி நிலமும் இல்லையே. சாயங்காலம்தான் இடம் கிடைத்தது. அதிலிருந்து நான் யார் சபை தொடங்குகிறேன் என்று சொன்னாலும் இதைக் கேட்கிறேன். பழைய சபையோடு சண்டை போட்டுக்கொண்டு தொடங்காதீர்கள், அவர்கள் ஆயரைப் போய்ப் பாருங்கள், கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுபோங்கள், கல்லறைக்கு ஒரு ஏற்பாட்டை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் சபையில் பழைய ஆட்களைச் சந்தாவை நிறுத்தவே விடுவதில்லை. நான் இன்றைக்கும் குடியாத்தம் பக்கத்துக் கோயிலுக்குச் சந்தா கட்டுகிறேன்.

தெருவைப் பற்றியும் ஒரு வார்த்தை. இருபது பேருக்கு எதற்கு இரண்டு பெரிய ஸ்பீக்கர்? குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், ராத்திரியில் 45 என்று 2000-ஆம் வருஷத்து விதி இருக்கிறது, ராத்திரி 10 மணிக்கு மேல் காலை 6 வரை ஒலிபெருக்கியே கூடாது. இந்துக் கோயில் திருவிழாவில் போடுகிறார்களே என்று கேட்பார்கள். அவர்கள் போடுகிறார்கள் என்பதற்காக நாமும் போட்டால், எதிர்வீட்டுப் பெரியவர் தூங்காமல் கிடந்து எரிச்சல்படுவார், நாளைக்கு ஆட்சியர் அலுவலகத்தில் கட்டட அனுமதிக்கு மனு நிற்கும்போது முதல் ஆட்சேபணை அவருடையதாகத்தான் இருக்கும். அதை உபத்திரவம் என்று நாம் சாட்சி சொல்வோம். தம்பியின் பைலில் ஸ்பீக்கர் வரியைப் பேனாவால் அடித்துவிட்டேன், அவர் முகம் வாடிவிட்டது, கீபோர்டை மட்டும் விட்டுவைத்தேன்.

வேலூரில் இன்னொரு சிக்கல், இங்கே பாதிப் பேர் தங்குவதற்கு வந்தவர்கள் இல்லை. வி.ஐ.டி. பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் போய்விடுவார்கள், வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் சி.எம்.சி.க்கு வருகிறவர்கள் சிகிச்சை முடிந்ததும் ரயில் ஏறிவிடுவார்கள். இவர்களை எண்ணிக்கையில் காட்டி நாற்காலி வாங்காதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன். இருக்கிற வரைக்கும் ஒரு வேளை சாப்பாடும், மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்ல ஒரு ஆளும் கொடுத்தால் போதும்.

தம்பி பைலை எடுத்துக்கொண்டு போனவர் இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தார். புதுத் தாள் ஒன்று, அதில் ஏழு பெயர்கள், எல்லோரும் உறவுக்காரர்கள் இல்லை. அணைக்கட்டில் ஏற்கெனவே இருக்கிற சபைப் போதகரைப் பார்த்துப் பேசியிருக்கிறார், அவர் முதலில் முறைத்தாராம், அப்புறம் டீ வாங்கிக் கொடுத்தாராம். ஷெட் இப்போதைக்கு வேண்டாம், ஒரு வீட்டுத் திண்ணையில் ஆரம்பிக்கிறார். கமிட்டியில் பேசி, முதல் ஒரு வருஷத்துக்கு அவர் சம்பளத்தில் பாதியை எங்கள் சபை தருவது என்றும், அந்தப் பக்கத்திலிருந்து எங்களிடம் வந்துகொண்டிருக்கிற நாலு குடும்பங்களை அவரோடு அனுப்பிவிடுவது என்றும் முடிவாகியிருக்கிறது. அந்த நாலு குடும்பத்தில் ஒன்று எங்களிடம் அதிகமாகத் தசமபாகம் கொடுக்கிற குடும்பம், அதைக் கணக்குப் பார்க்கிற நான்தான் கமிட்டியில் சொல்ல வேண்டியிருந்தது, யாரும் மறுத்துப் பேசவில்லை. சண்டை வந்தது வேறு விஷயத்தில். கிடார் வாசிக்கிற பையன் அதே குடும்பத்துப் பிள்ளை. அவனையும் அனுப்பினால் நமக்கு யார் வாசிப்பார்கள் என்று வாலிபர் சங்கத்துக்காரர்கள் கொடி பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், பேச்சு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது.